ஃபெலோஷிப்புக்கு எழுதப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் மெயில் கிடைத்தது. எந்த ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டு, கடைசி வரியில் "பேசாமல் ஹைதராபாத் கம்பெனி வேலைக்கே போய்விடட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். அது நல்ல வேலைதான். அம்மாவுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் பிஎச்.டி. சேர்ந்த நாளிலிருந்து நீ என்னிடம் திரும்பத் திரும்பப் பேசுவது ஒரே விஷயம். அப்பா மாதிரி ஒல்லியான ஆட்களுக்கு, நாற்பது வயதுக்குள் ஏன் சர்க்கரை வருகிறது? இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இவர்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துபோகின்றன? கம்பெனியில் இதைத் தொட உனக்கு நேரம் தரமாட்டார்கள். உன் கைடின் பிராஜெக்டிலேயே தொடர்ந்தாலும் இதற்கு இடமிருக்காது. அந்தப் பணம் அவருடைய கேள்விக்காக வந்தது. உன் பெயருக்கும் உன் கேள்விக்கும் சேர்ந்து வருகிற பணம் ஃபெலோஷிப் ஒன்றுதான். அதனால்தான் நீ எழுதியே ஆகவேண்டும் என்கிறேன்.

அப்படிப்பட்ட பணம் என்ன செய்யும் என்பதற்கு இன்சுலின் கதையைப் பார். எல்லோரும் அதை இன்சுலினைக் கண்டுபிடித்த பேண்டிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் காலிப்தான் முக்கியம். 1921 கோடையில் டொராண்டோவில் பேண்டிங் சம்பளமே இல்லாமல் வேலை செய்தார். அந்த இலையுதிர் காலத்தில் மருந்தியல் துறையின் ஹெண்டர்சன் மாதம் 250 டாலருக்கு ஒரு பதவி கொடுத்திருக்காவிட்டால் அவர் ஊரைவிட்டே போயிருக்கக்கூடும். 1922 ஜனவரி 11 அன்று லியனார்டு தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். ஊசியில் இருந்த கணையச் சாறு சுத்தமாக இல்லை. சர்க்கரை சொல்லும்படி குறையவில்லை, ஊசி போட்ட இடமும் வீங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் காலிப். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது பையன் தேறத் தொடங்கினான். அந்தக் காலிப் டொராண்டோ ஆளே இல்லை. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வேலை. ராக்கஃபெல்லர் ஃபெலோஷிப்பில் ஒரு வருஷம் வேறு லேப்களில் வேலை பார்க்க வந்திருந்தார். தன் ஊரையும் தன் துறையின் அன்றாட வேலையையும் விட்டு இன்னொரு லேபில் போய் நிற்க யாரோ அவருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். பையன் பிழைத்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

இனி உன் பட்டியல். அமெரிக்காவின் எஃப்32 ஃபெலோஷிப்பை அடித்துவிடு. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். விசாவில் இருப்பவர்களுக்கும் திறந்திருப்பது கே99. ஆனால் அது போஸ்ட்டாக் சேர்ந்து சில வருஷம் ஆனபிறகு, சொந்த லேபுக்குப் போகும் கட்டத்தில் கேட்பது. இப்போது அதை நினைக்காதே. பிரேக்த்ரூ டி1டி என்று ஒன்று போட்டிருக்கிறாய். முன்பு ஜேடிஆர்எஃப் என்று இருந்ததுதான், 2024-இல் பெயர் மாற்றினார்கள். டைப் 1 வந்த குழந்தைகளின் பெற்றோர் 1970-இல் தொடங்கியது. அவர்கள் பணம் டைப் 1-க்கு. பீட்டா செல் என்ற ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு உன் கேள்வியை அதற்குள் வளைத்துத் திணிக்காதே. விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நீ எழுதவேண்டியது இங்கேதான். மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இரண்டு வருஷம். உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் ஆரம்பநிலை ஃபெலோஷிப் ஐந்து வருஷம், ஆராய்ச்சிச் செலவோடு சேர்த்து. இரண்டாவதை முதலில் எழுது. உன் கேள்விக்கு இரண்டு வருஷம் போதாது.

உன் கேள்வி இந்த மண்ணின் கேள்வி என்பதை முதல் பத்தியிலேயே நிலைநாட்டு. ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்கு உனக்கே தெரியும்: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. ஆனால் எண்ணிக்கையோடு நின்றுவிடாதே, எல்லா விண்ணப்பமும் அதில்தான் தொடங்கும். 2018-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நீரிழிவை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். 2020-இல் சென்னை ஆய்வாளர்கள் நம் டைப் 2 நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோது, கிடைத்த நான்கு வகைகளில் இரண்டு ஸ்வீடன் பிரிவுகளில் இல்லாதவை. அதைச் சொல். புனேயில் டாக்டர் யாக்னிக்கின் ஆய்வுக் குழு 1993 முதல் கிராமத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. எடை குறைந்தாலும் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அப்பாவின் நோய் கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அந்த மாதிரி ஆய்வை உன்னால் ஐந்து வருஷத்தில் தொடங்கி முடிக்க முடியாது. ஏற்கெனவே சேகரித்து வைத்திருக்கும் ரத்த மாதிரிகளில், பீட்டா செல் தளர்வதற்கு முன்னால் தெரியும் அடையாளம் ஒன்றைத் தேடுகிறேன் என்று எழுது. அது நடக்கிற வேலை.

மென்டரை மாற்று. உன் கைடு நல்லவர்தான், எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அதே லேபில் அதே ஆளின் கீழ் என்று எழுதினால், இந்த யோசனை உன்னுடையதா அவருடையதா என்று தேர்வுக்குழு கேட்கும். பதில் சொல்ல உன்னிடம் எதுவும் இருக்காது.

பணம் நேரத்துக்கு வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள். போஸ்ட்டாக்கில் எனக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றபோது தோழிதான் வாடகை கட்டினாள். நாட்டுக்கு இவ்வளவு தேவையான வேலையைச் செய்பவர்களை இப்படிக் கைநீட்ட வைப்பது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உனக்கு அப்படி ஆனால் என்னிடம் கேள். வெளியே கடன் வாங்காதே.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கம்பெனிக்காரர்களிடம் மரியாதையாகக் கொஞ்சம் அவகாசம் கேள். மாதிரிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாரமே கடிதம் போடு. அவர்கள் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும்தான் எல்லாவற்றையும்விட நேரம் எடுக்கும். இரண்டு பக்கத்தில் முதல் வரைவை எழுதி எனக்கு அனுப்பு. நன்றாக இருக்கவேண்டும் என்று பிடித்து வைத்துக்கொள்ளாதே, எப்படி இருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா