ஏழுக்கு நாலு

எல்ல ஸ்டேஷனில் கோச்சி பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இறங்கிப்போக, சந்தைப் பைகளும் தூங்கும் பிள்ளைகளும் நாங்களும்தான் மிச்சம். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, இப்போதுதான் கடந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அதற்கு அப்பால் ஓரடி நீளவில்லை.

அப்பா இதே பாதையில் எதிர்த்திசையில் போனவர். 1974இல், சிறுவனாக. பதுளையில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போய் விழுந்த குடும்பம். அத்தை மட்டும் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். கட்டிக்கொடுத்த பெண் புருஷனின் குடியுரிமை மனுவில் சேர்த்தி. மாமா இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார், தாத்தா இந்தியாவுக்கு. குடும்பம் பிரிய அவ்வளவே போதுமானதாக இருந்தது.

கம்யூனிசத்தால் பிளந்த நாடு என்றால் எல்லாரும் ஜெர்மனியைத்தான் சொல்வோம். 1961இல் எழுந்த பெர்லின் சுவர் 1989இல் விழுந்தது. ஆனாலும் கிழக்கே சம்பளம் இன்றும் மேற்கைவிடக் குறைவு. படித்த பிள்ளைகள் மேற்கே போய்விட்டார்கள். இலங்கை மலையகத்தில் யாரும் சுவர் எழுப்பவில்லை. நாடு முழுசாக இருந்தது, ஆட்களைத்தான் பங்கு போட்டார்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், குடியுரிமையில்லாத இந்திய வம்சாவளியினர் கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. ஏழு பேர் அங்கே போனால் நாலு பேருக்கு இங்கே குடியுரிமை என்று விகிதம். மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஜனங்களை யாரும் கேட்கவில்லை. மனுப் போடச் சொன்னபோது, இலங்கைக்கு எழுதிக்கொடுத்தவர்கள் அந்த மூன்று லட்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் எனக்கு ஆறாத இடம் இடதுசாரிகள்தான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்த ஜனங்களை நாடற்றவர்களாக்கியபோது பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது, அக்டோபரில் ஒப்பந்தம். 1970இல் கம்யூனிஸ்ட் கட்சியும் கூட்டணியில் இருந்தது. சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சர். தொழிலாளி பேரைச் சொல்லி வளர்ந்தவர்கள் கையில் தோட்டம் வந்த காலத்தில்தான் தோட்டத்தில் பட்டினி வந்தது.

"தாத்தா போக மனசில்லாமத்தான் இருந்தாரு மருமகனே" என்றார் அத்தை, நான் அவருடைய லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும். "பாஸ்போட்டு வந்து பொட்டியில கெடந்துச்சு. அரிசி இல்லாமப் போச்சு பாருங்க, அப்பத்தான் கெளம்புனாரு."

1973, 74. உலகத்தில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியது உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இறக்குமதி குறைந்து கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கியபோது கிராமத்தானுக்குப் பலாமரமும் மரவள்ளியும் நிற்கத் தோட்டம் இருந்தது. லயத்து ஆளுக்கு வாசல் இஸ்தோப்புக்கு அடுத்த அடியே தேயிலை. நூறு வருஷத்துக்கு மேலாக மலையை வெட்டித் திருத்தியவனுக்குக் கிழங்கு ஊன்ற ஒரு குழி மண் சொந்தமில்லை. கையெழுத்துப் போட்டவர்களால் முடியாததை அந்தப் பசி முடித்துக்கொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை. வெள்ளைக்காரத் துரை போனார், அரசாங்கத் துரை வந்தார். 1977 மேயில், தலவாக்கலைப் பக்கம், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த தொழிலாளர் ஊர்வலத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தார். 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்கு, நிலம் அரசாங்கத்தினுடையதே. கப்பலும் 1984இல் நின்றுபோக, இந்தியப் பாஸ்போட்டோடு கரையேற முடியாமல் கிடந்தவர்களுக்கு 2003இல்தான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

மறுநாள் காலை மலைக்குப் போனேன். தராசுக்காரர் கொக்கியில் கொழுந்துச் சாக்கைத் தூக்கி மாட்டினார். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டுச் சத்தமாக ஒரு எண்ணைச் சொன்னார், கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார். இங்கே 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

எங்கள் பக்கமும் இதே தராசு. ஊர் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை போட்டது. டேன்டீ என்ற அரசு நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான். ஆனாலும் நீலகிரித் தோட்டங்களில் சட்டம் பதுளைச் சட்டம்தான்: வேலை முடிந்தால் வீட்டைக் காலி பண்ணு. அப்பா ஓய்வு பெற்றதும் கோத்தகிரி பஜாரில் வாடகைக்குப் போனோம். அத்தை அதை நம்பவில்லை. "சொந்த ஊருன்னு போயுமா?" என்றார். அவர் இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறார், மகனின் மனைவி மலைக்குப் போவதால். ஏழு பேர்ச்சஸ் காணி தருவதாக 2015இல் அரசாங்கம் சொன்னது அவருடைய லயத்துக்கு வந்து சேரவில்லை.

அத்தை பேரன் பதுளை டவுனில் போன் கடையில் நிற்கிறான். மலைக்குப் போகமாட்டேன் என்று படிக்கும்போதே சொல்லிவிட்டானாம். ராத்திரி, கொரிய எழுத்து நிறைந்த கொப்பியை என் முன்னால் விரித்தான். கொரியாவுக்கு ஆள் எடுக்கும் பரீட்சை.

"அதுவும் ரெண்டாப் பிரிஞ்ச நாடாமே" என்று அத்தை அடுப்படியிலிருந்து கேட்டார். "ஒனக்கு எந்தப் பக்கம்டா?"

"தெக்கு, அப்பாயி. அங்கதான் ஃபேக்டரி." பிறகு என்னிடம் கணக்குச் சொன்னான். ஒரு விசாவுக்கு நாலு வருஷம் பத்து மாசம். அதில் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தொடாமல் வைத்தால் ஹாலிஎல ரோட்டோரம் பத்து பேர்ச்சஸ், தன் பேரில்.