மஞ்சள் கம்பி

ஈப்போவில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் பச்சை நிற எம்ஜிபி மகிழுந்து ஒன்று நின்றிருந்தது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய பழங்கால விளையாட்டு மகிழுந்து அது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை பல்வேறு வகை எம்ஜிபி மகிழுந்துகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. கொட்டகையில் நின்றது 1978ஆம் ஆண்டு வண்டி.

அதன் உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற பழுதுபார்ப்பாளர். அவருடைய மகனுக்கு அந்த வார இறுதியில் தைப்பிங்கில் திருமணம். மணமக்கள் அந்த மகிழுந்திலேயே நெடுஞ்சாலை வழியாக ஈப்போவுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால், திருமணத்திற்கு மூன்று நாள்களே இருந்த நிலையில் ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை. நான்காம் கியரில் ஓடும்போது கியர்த் தண்டின் குமிழிலுள்ள விசையைத் தள்ளினால் ஓவர்டிரைவ் இயங்கும். வண்டியின் வேகம் குறையாமலேயே இயந்திரத்தின் சுழற்சி குறையும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இயந்திரம் ஓயாமல் இரையும்.

பெரியவருக்குக் கை நடுங்கத் தொடங்கி ஈராண்டாகிவிட்டது. அதனால் தம்பி மகளை உதவிக்கு அழைத்தார். அவள் படிவம் நான்கு மாணவி.

“முதலில் என்ன செய்யணும், சொல்லு?” என்று கேட்டார்.

“குமிழைக் கழற்றணும், பெரியப்பா.”

“இல்லைம்மா. முதலில் மின்கலத்தின் இணைப்பை எடுக்கணும். மின்சாரம் ஓடும் வண்டிக்குள் ஸ்பேனரோடு கை விடக்கூடாது.”

இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை அவள் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு குமிழின் மேலிருந்த விசையை மெல்ல நெம்பி எடுத்து, அதன் இரு கம்பிகளையும் விடுவித்தாள். குமிழைத் திருகிக் கழற்றினாள். தண்டைச் சுற்றியிருந்த உறையையும் அதைப் பிடித்திருந்த வளையத்தையும் அகற்றினாள். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்தாள். திருகாணிகளை வெவ்வேறு டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதினாள். இறுதியாகத் தண்டைப் பிடித்திருந்த மரையாணிகளை அகற்றி, தண்டை மேலே தூக்கினாள். அதன் அடிமுனையில் மசகு பளபளத்தது. எதுவும் கியர்ப்பெட்டிக்குள் விழாதபடி பெரியவர் அந்தத் துளையைத் தூய துணியால் மூடினார்.

தண்டின் வழியாக ஓடிய கம்பி வெளியே நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால், மல்டிமீட்டர் மின்தொடர்ச்சி இல்லை என்று காட்டியது. கியர் மாற்றும் போதெல்லாம் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே செப்பு இழைகள் அறுந்து போயிருந்தன.

“அறுந்த இடத்தை முறுக்கி ஒட்டுநாடா சுற்றினால் போதாதா, பெரியப்பா? நேரம் இல்லையே!” என்றாள்.

அவர் உடனே மறுக்கவில்லை. திருமண வேலைகள் அவர் கண்முன் வந்து நின்றன. “சரி, மறுமுனை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துவிடு,” என்றார்.

அவள் கைவிளக்கோடு குனிந்தாள். கம்பி பாதி வழியில் ஒரு சிவப்புக் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. அவள் குழம்பினாள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கம்பியின் நிறம் ஒரு மொழி. கறுப்பு என்றால் புவியிணைப்பு. பழுப்பு என்றால் மின்கலத்திலிருந்து நேராக வருவது. சிவப்பு என்றால் பக்கவிளக்கு. ஓவர்டிரைவுக்கு உரியது மஞ்சள். பக்கவிளக்குக் கம்பிக்கு இங்கே என்ன வேலை?

தொடர்ந்து பார்த்தவள் திடுக்கிட்டாள். அந்தச் சிவப்புக் கம்பி, இரப்பர் வளையம் பொருத்தாத ஒரு தகட்டுத் துளையின் வழியாகச் சென்றது. கூரிய விளிம்பு உரசி, உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. மின்னுருகியும் இல்லை. செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் கம்பி பழுத்துத் தீப்பிடித்திருக்கும்.

“இவ்வளவு பொறுப்பில்லாமல் யார் செய்தது, பெரியப்பா?”

கொட்டகை சிறிது நேரம் அமைதியாக இருந்தது.

“நான்தாம்மா,” என்றார் அவர். “இருபது வருசமாச்சு. தீபாவளிக்கு முதல் நாள். கையில் கிடைத்த கம்பியைப் போட்டேன். அப்புறம் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.”

அவள் கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தாள். இருவரும் கடைக்குச் சென்று மஞ்சள் கம்பி வாங்கி வந்தார்கள். சிவப்புக் கம்பியை முழுவதும் அகற்றினார்கள். துளையில் இரப்பர் வளையம் பொருத்தி, புதிய கம்பியைக் காப்புக் குழாய்க்குள் செலுத்தி, மின்னுருகி ஒன்றையும் சேர்த்தார்கள். தண்டு அசையும் இடத்தில் கம்பியைச் சற்றுத் தளர்வாக விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இரண்டு நாள் பிடித்தது.

தண்டைப் பொருத்தி, மின்கலத்தை மீண்டும் இணைத்தபின், இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினாள். நான்காம் கியருக்கு மாற்றி விசையைத் தள்ளினாள். இருக்கைகளுக்கு இடையே, அடியிலிருந்து ‘டக்’ என்ற ஒலி கேட்டது. பெரியவர் முகம் மலர்ந்தது.

அவர் மகிழுந்தின் பழைய குறிப்பேட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் செய்த வேலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவள் தேதியிட்டு, கம்பி செல்லும் வழியைப் படமாக வரைந்தாள். அதன் கீழே ‘சிவப்பு அகற்றப்பட்டது, மஞ்சள் பொருத்தப்பட்டது’ என்று எழுதினாள். பெரியவர் பேனாவை வாங்கி, நடுங்கும் கையால் அவள் பெயருக்கு அருகில் தம் பெயரையும் எழுதினார்.