ஆயுத பூஜைக்கு வந்த நாலு குழாய்

பதிவு நீளம். படிக்க நேரமில்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே மகன் பெரம்பலூர் வந்துவிட்டான். சீக்கிரம் வந்திருக்கிறானே என்று அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். காரின் பின்சீட்டில் ஒரு ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி. எனக்கு ஏதோ மின்விசிறி வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பிரித்தால் பளபளவென்று நாலு எவர்சில்வர் குழாய்கள், மலைப்பாம்புக் குட்டிகள் மாதிரி வளைந்து நெளிந்து, கடைசியில் ஒன்றாகச் சேருகின்றன. "ஹெடர்ப்பா" என்றான். விலையைக் கேட்டேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவனுடைய கார் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். இருபது வருடத்துக்கு மேல் பழைய வண்டி, மூன்றாம் கையில் வாங்கியது. பார்க்க அரசு அதிகாரி வீட்டு வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் 106 குதிரைசக்தி. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான் என்பார்கள். இன்னும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். என் வீட்டிலேயே ஒருத்தன்.

எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் முதல் இடத்தில் கம்பெனி ஒரு வார்ப்பிரும்புத் துண்டு வைத்திருக்கும். மேனிஃபோல்ட் என்பார்கள். அதைக் கழற்றிவிட்டு இந்த நாலு குழாயை மாட்ட வேண்டும். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். "நம்ம வேப்பமரத்தடி போதும்ப்பா, நீங்க டார்ச் பிடிங்க" என்றான். முப்பத்தோரு வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்குக் கிடைத்த வேலை அது.

முதல் நாள் ஒன்றுமே செய்யவில்லை. துரு இளக்குகிற எண்ணெயை நட்டுகளில் அடித்துவிட்டு இரவு முழுக்க ஊற விட்டான். மறுநாள் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்தான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இதை வீட்டில் வேலை பார்க்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிறகு பேட்டரி வயரை எடுத்தான், ஆக்சிஜன் சென்சாரைப் பதமாகக் கழற்றினான், வெப்பத் தகடு வந்தது, நட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றே ஒன்று 'டக்' என்றது. நட்டு வரவில்லை, ஸ்டட் முறிந்து பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

லேத் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் என் பழைய மாணவர். "ஐயா, மெஷினையெல்லாம் துடைச்சுப் பொட்டு வெச்சாச்சு. நாளைக்குத் தொட மாட்டோம், நாளன்னிக்கு வர்றேன்" என்று கையில் ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதை. ஸ்பேனர் செட், சுத்தி, டார்க் ரெஞ்ச் எல்லாவற்றையும் அவன் அம்மா கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் லாகரிதம் புத்தகத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டாள். "நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாது." வண்டி ஸ்டாண்டு மேல் நிற்கிறது, அதன் நெற்றியிலும் பொட்டு.

ஆகவே பூஜையன்று எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "ஏன்டா, புகை போக ஒரு ஓட்டை போதாதா? எதுக்கு ஒரே நீளத்துல நாலு குழாய்?"

அவன் விளக்கினான். வால்வு திறந்ததும் புகை மெதுவாக வழிவதில்லை, ஒரு அடியாக வெளியே பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாய் வழியே ஓடி, குழாய் அகலமாகிற இடத்தை அடைந்ததும் அங்கிருந்து எதிர்மாறாக, உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துப்போட்டுப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணும். நீளம் தப்பினால் நேரமும் தப்பும். எஞ்சினில் வெடிப்பு 1, 3, 4, 2 என்ற வரிசையில் நடக்கிறது. அதனால் ஒன்றையும் நாலையும் ஒரு ஜோடியாகவும், இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகவும் சேர்த்தால் ஒன்றின் அடி மற்றதன் மேல் விழாது. கம்பெனித் துண்டில் நாலும் குட்டையான சந்துக்குள் முட்டி மோதிக்கொள்கின்றன.

நான் பழக்கதோஷத்தில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நம் ஊர்க் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். வெப்பம் 600 டிகிரி என்றால் சுமார் 590 மீட்டர். 6000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் அலை கிட்டத்தட்ட ஆறு மீட்டர் ஓடிவிடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இசைக்கவையைத் தட்டி, தண்ணீர்க் குழாயை ஏற்றி இறக்கி, ஒத்ததிர்வு காட்டியே முப்பத்தோரு வருடம் ஓட்டியவன் நான். அதே சங்கதி வாசலில் நிற்கிற காருக்குள் நடக்கிறது என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

"அவ்ளோதாம்ப்பா. மூடின குழாய், திறந்த குழாய்" என்றான்.

அவன் பிளஸ் ஒன் படித்தபோது அரியலூர் பக்கம் என் பள்ளியில்தான் படித்தான், என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் மூடிய ஆர்கன் குழாய்க்கும் திறந்த ஆர்கன் குழாய்க்கும் வித்தியாசம் கேட்டேன். எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. வாத்தியார் மகனே இப்படியா என்று நாலு வார்த்தை சொல்லி, அந்தப் பீரியட் முழுக்க வாசலில் நிற்க வைத்தேன். பிறகு அவன் பாலிடெக்னிக்தான் போவேன் என்று போனபோது ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சு குறைவு. இப்போது வேண்டுமென்றே சொன்னானா, இயல்பாக வந்ததா தெரியவில்லை. "அன்னைக்கு உன்னை வெளிய நிக்க வெச்சேன்ல..." என்று ஆரம்பித்தேன். "எந்த அன்னைக்கு? நிறைய நாள் வெச்சீங்க" என்று சிரித்துவிட்டுச் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விஜயதசமி காலையில் லேத்காரர் வந்தார். முறிந்த ஸ்டட் முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சிவந்து ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருகினார். வெண்ணெய் மாதிரி வந்தது. காசு வாங்க மறுத்தார், சட்டைப்பையில் திணித்தேன்.

அதன்பிறகுதான் தகராறு. பெட்டிக்குள் இன்னொரு நேர்க்குழாய் இருந்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவதற்காம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேன்கூடு மாதிரி இருக்கிற அந்தக் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு உட்பட மூன்று நச்சைத் தணித்து வெளியே விடுகிற பொருள் அது. சட்டத்தையும் எடுத்தேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டியை விதிமீறி மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. புகை, சத்த விதியை மீறினால் முதல் தடவையே 10,000 வரை. (அப்படியானால் ஹெடர் மட்டும் சரியா என்று கேட்காதீர்கள், நெளிவேன்.)

"அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி விடுற புகைக்கு முன்னாடி இது எம்மாத்திரம்ப்பா?"

"அந்த லாரியை ஓட்டுறவன் என்கிட்டப் படிக்கல."

கொஞ்ச நேரம் வண்டிக்கடியிலிருந்து சத்தமே இல்லை. பிறகு, "அந்த பதினாலு நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்று கை மட்டும் வெளியே நீண்டது. கன்வெர்ட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் என் பிடிவாதத்துக்கு விலை இருந்தது. ஹெடரின் வாய்க்கும் கன்வெர்ட்டருக்கும் இரண்டு விரல் இடைவெளி. மறுபடி லேத் பட்டறை, ஒரு துண்டு வெட்டி, ஃபிளேஞ்ச் வைத்து வெல்டிங். அவனுக்கு ஒரு நாள் கூடுதல் லீவு. மேனேஜருக்கு என்ன காரணம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாக நட்டுகளை முறுக்கினான். கைரேகை பட்ட இடமெல்லாம் தின்னர் போட்டுத் துடைத்தான். அப்படியும் ஸ்டார்ட் பண்ணியதும் குழாயிலிருந்து நீலப்புகை. பயந்தே போனேன். ஒட்டியிருந்த எண்ணெய்தான், ஐந்து நிமிடத்தில் அடங்கியது. காதைக் கொடுத்துக் கேட்டோம், 'சிக் சிக்' என்ற கசிவு இல்லை. வீசிங் உள்ள அவன் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே, "பழைய சத்தம்தானே வருது, எதுக்குடா நாலு நாள்?" என்றாள்.

மறுநாள் ஆறிய எஞ்சினில் நட்டுகளை மறுபடி சரிபார்த்துவிட்டு அரியலூர் வரை போய்வந்தோம். கூடுதல் வேகமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனும், "அஞ்சு சதவீதம் ஏறியிருந்தாலே பெருசுப்பா" என்றான். மேலே சுற்று ஏறும்போது மட்டும் தொண்டை திறந்த மாதிரி ஒரு குரல். திரும்பும்போது என் பழைய பள்ளிக்கூடத்து வாசலில் வேகத்தைக் குறைத்தான். விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. நிறுத்தவில்லை.

அந்த நேர்க்குழாய் இப்போது எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று போனிலும் ஒரு தடவை சொல்லிவிட்டான். பொங்கலுக்கு வருவான். பார்க்கலாம்.