தோற்ற முதல் ஆட்டம்

இவ்வாரம் தேர்வுத்தாளையும் பாடக்குறிப்பையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பழைய தோல்வியைப் பற்றி எழுத விழைகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணனோடு அதைக் குறித்து மீண்டும் ஒருமுறை வாதிட நேர்ந்ததே காரணம்.

அண்ணன் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். 1997ஆம் பருவத்தில் அப்பல்கலைக்கழக அணி பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்று, நெப்ராஸ்காவுடன் தேசிய வாகையைப் பகிர்ந்துகொண்டபோது மாணவராய் அரங்கில் இருந்தவர். இது நாம் அறிந்த காற்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. அவர் அனுப்பிய நீலத் தொப்பியும் ஆட்ட ஒளிநாடாக்களும் என்னையும் இரசிகனாக்கின. (அந்நாடாக்கள் நம் வீட்டுக் கருவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடின. அணியின் மஞ்சள் நிறத்தை நான் நெடுநாள் கற்பனையில்தான் கண்டேன்.)

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. நம் நாடு ஐம்பதாம் சுதந்திர நாளைக் கொண்டாடியதற்கு மறுநாள். அங்கே நண்பகலில் தொடங்கிய ஆட்டம் நமக்கு நள்ளிரவு. தொலைக்காட்சியில் வழியில்லை, கணினித் திரையில் எழுத்து வடிவில் வரும் நிலவரத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அரங்கிலேயே இருந்தார், ஒரு இலட்சத்து ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவராக.

மிச்சிகன் அப்போது தரவரிசையில் ஐந்தாம் இடம். எதிரணி, வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்னும் சிற்றூரிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட். அப்போது ஒரு படி கீழான பிரிவில் ஆடிய அணி. அந்நாளில் மேற்பிரிவு அணிகள் 85 பேருக்கு விளையாட்டு உதவிச் சம்பளம் வழங்க முடிந்தது. அவர்கள் பிரிவில் 63 முழு உதவிச் சம்பளங்களின் அளவுக்கு மட்டுமே. அவர்கள் வந்து ஆடுவதற்கு மிச்சிகன் நான்கு இலட்சம் டாலர் கொடுத்தது. முந்திய இரண்டு ஆண்டுகளும் தம் பிரிவில் அவர்களே வாகையர் என்பதை எத்தனை மிச்சிகன் இரசிகர்கள் கருத்தில் கொண்டனர்? நான் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமையன்று நண்பர் ஒருவரிடம், "இது ஆட்டமே அன்று, பயிற்சி" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

இடைவேளையில் அவர்கள் 28-17 என முன்னணியில் இருந்தனர். திரையில் ஏதோ பிழை என்றே முதலில் எண்ணினேன். அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் அத்தனை பெரிய அரங்கின் முணுமுணுப்பு. "அந்தப் பையனைப் பிடிக்கவே முடியலடா தம்பி," என்றார். அந்தப் பையன் அர்மாண்டி எட்வர்ட்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவர். மூன்று டச் டவுன்களைப் பந்தெறிந்தும், ஒன்றைத் தாமே ஓடியும் பெற்றுத்தந்தார்.

அண்ணனின் வாதம் இது: இரண்டு ஃபீல்டு கோல் உதைகள் இறுதி இரண்டு நிமிடத்துக்குள் தடுக்கப்பட்டன, அவற்றுள் ஒன்று தப்பியிருந்தாலும் வெற்றி நமதே. உண்மைதான். 26 வினாடிகள் எஞ்சியிருந்தபோது அவர்கள் 34-32 என முந்தினர். உடனே மிச்சிகன் ஒரு நீண்ட எறிதலால் முன்னேறி, 6 வினாடிகள் இருக்கையில் 37 கெஜத்திலிருந்து உதைத்தது. கோரி லின்ச் பாய்ந்து தடுத்தார். ஆட்டம் முடிந்தது.

நானோ தொடக்கப்பள்ளிக் கணக்கு ஆசிரியன். என் கணக்கு வேறு. டச் டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்கு உதைக்கலாம். அல்லது துணிந்து இரு புள்ளிகளுக்கு முயலலாம். 31-20 எனப் பின்தங்கியிருந்த மிச்சிகன் 31-26 ஆக்கியதும், நேரம் நிறைய இருந்தபோதே இரண்டுக்கு முயன்று தோற்றது. பின் மைக் ஹார்ட் 54 கெஜம் ஓடி 32-31 ஆக்கினார். மறுபடியும் இரண்டுக்கு முயற்சி, மறுபடியும் தோல்வி. இருமுறையும் அமைதியாக உதைத்துப் பெற்றிருந்தால் 34-34! முதல் இடத்தில் விட்ட ஒன்றைப் பிடிக்கத்தான் இரண்டாம் இடத்திலும் ஓட வேண்டியதாயிற்று. அது பதற்றத்தின் கணக்கு.

ஆயினும் அதுவும் முழுக்காரணமன்று. அப்பலாச்சியன் தன் ஆட்டக்காரர்களைத் திடலின் அகலம் முழுதும் பரப்பி நிறுத்தியது. தடுப்பவர்களும் பரவியாக வேண்டும். இடைவெளிகளில் விரைவு வேலை செய்யும். உடல் வலிமைக்கு உடல் வலிமை என்று மோதியிருந்தால் மிச்சிகன் நசுக்கியிருக்கும். அந்த மோதலை அவர்கள் ஏற்கவேயில்லை. சிறிய அணி தன் அளவறிந்து ஆடியது; பெரிய அணி எதிராளியின் அளவை மட்டுமே அறிந்திருந்தது. 188 கெஜம் ஓடி மூன்று டச் டவுன் எடுத்த ஹார்ட்டை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். காலில் அடிபட்டு வெளியேறியும் திரும்பி வந்து ஆடியவர் அவர்.

இதை எழுதும்போது மனத்தை உறுத்துவது வேறொன்று. அவ்வாண்டு நான் எழுபது மாணவர்கூட இல்லாத ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். அதே ஆண்டு நடுப்பகுதியில் எங்கள் பையன்களை மாவட்டக் காற்பந்துப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரோடு நான்காம் ஆண்டுப் பையன்கள் இருவரையும் சேர்த்தால்தான் அணி நிறைந்தது. எதிர்த்து ஆடிய பெரிய பள்ளியின் பயிற்றுநர் கைகுலுக்கிவிட்டுச் சிரித்தபடி, "எங்களுக்கு இது பயிற்சி ஆட்டம்தான் சார்" என்றார். மூன்று கோல்களில் தோற்றோம். தோல்வி வலிக்கவில்லை, அந்தச் சொல் வலித்தது. வேனில் திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு மாதம் கழித்து அதே சொல்லை நானே சொல்லியிருக்கிறேன், பூன் நகரத்துப் பையன்களைப் பற்றி. அதிகாலை மூன்றரை மணிக்குக் கணினியை அணைத்தபோதுதான் அது உறைத்தது. தொப்பி மேசைமேல் கிடந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுவாரம் மிச்சிகன் ஆரிகனிடம் 39-7 என உதைபட்டது. பின் தொடர்ந்து எட்டு வெற்றிகள். 2008 புத்தாண்டு நாளில், முந்திய பருவத்தின் வாகையரான ஃபுளோரிடாவை 41-35 என வென்று, 9-4 என்ற கணக்கோடு பருவத்தை முடித்தது. பயிற்றுநர் லாய்ட் கார் அத்துடன் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர், அந்தப் பரப்பி ஆடும் முறைக்கே பெயர்பெற்ற ரிச் ரொட்ரிகஸ்! அவருடைய முதல் பருவம் 3-9. முறையை வாங்கிவரலாம், பழக்கத்தை வாங்கிவர முடியாதல்லவா? அப்பலாச்சியன் அவ்வாண்டும் தம் பிரிவின் வாகையராயிற்று, மூன்றாம் முறையாக.

அண்ணன் அந்த நாளின் நுழைவுச்சீட்டை இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறார். இம்முறை அதை எடுத்து என் மாணவர்களிடம் காட்டச் சொல்லித் தந்தார். "வெற்றி பெற்றதை வைத்திருக்கமாட்டீர்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. விமான நிலையத்தில் விடைபெறும்போது, "இருந்தாலும் அந்தக் கடைசி உதை..." என்று தொடங்கினார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.