ஹேண்டில்பாரும் ஒரு வயர்தான்

எட்டு வருஷமாக என் வண்டிகளுக்கு வேலை பார்த்துக் கொடுத்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை, அவர் கடை வாசலில், நாலு பேர் பார்க்க, "இப்படி ஏமாத்தித்தான் பொழைக்கணுமா?" என்று கேட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது. எல்லாம் ஒரு ஹார்ன் சுவிட்சால் வந்தது.

வண்டி 1974ஆம் வருஷத்து 350 புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த மாடல், ஐம்பதுகளின் நடுவில் சென்னை திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. ஆக, என் வண்டி தயாரானபோது தாய்வீடு மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் அதற்கு ஐந்தாவது சொந்தக்காரன். வாங்கும்போது இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. டேங்க், மட்கார்டு எல்லாம் முன்னாலிருந்தவர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்று, இடது கைப்பிடியை ஒட்டி இருந்த அந்தச் சின்ன சுவிட்ச்.

புது வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பட்டன்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. பழைய புல்லட்டில் லைட்டைப் போட்டு அணைப்பது ஹெட்லைட் கூண்டின் மேலேயே. ஹேண்டிலில் இருப்பது இரண்டே வேலைதான்: டிம்-பிரைட் மாற்றும் ஒரு குட்டி நெம்பு, ஹார்னுக்கு ஒரு பட்டன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கூடு. என் வண்டியில் அதன் குரோம் பொரிந்து, அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஹார்ன் பட்டனில் மட்டும் முலாம் தேய்ந்து, கட்டைவிரல் படும் இடத்தில் பித்தளை மஞ்சள் தெரிந்தது. ஐந்து பேர் விரல் தேய்த்த மஞ்சள். அதை அப்படியே விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பளபளப்பு வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் தினத்தாள் விரித்து உட்கார்ந்தேன். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கூடு இரண்டாகப் பிரியும். பிரிந்தது. கூடவே டிக் என்று ஒரு சத்தம். நெம்பின் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் அதன் தலையில் ஒரு எஃகுக் குண்டும் இருக்கும். டிம்மில் ஒரு பள்ளம், பிரைட்டில் ஒரு பள்ளம். குண்டு அதில் விழுவதால்தான் நெம்பு நடுவழியில் நிற்காமல் அங்கோ இங்கோ போய் உட்கார்கிறது. ஸ்பிரிங் என் மடியில் விழுந்தது. குண்டு மழைநீர்க் குழாய் வழியாகப் போய்விட்டது. சைக்கிள் கடையில் பெடலுக்குப் போடும் 5/32 அங்குல பால்ரஸ் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. இப்போதெல்லாம் இந்த மாதிரி எதைப் பிரித்தாலும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத்தான் பிரிக்கிறேன்.

அடுத்தது கூடு. குரோமை எடுக்க வேண்டுமே, என்ன செய்யலாம் என்று யோசித்தேன். வீட்டில் பாத்ரூம் கழுவும் ஆசிட் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, கூட்டின் கீழ்ப்பாதியை அதில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டப்பா சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கியால் எடுத்தேன். குரோம் போயிருந்தது உண்மை. அதோடு கூட்டின் ஓரமும் போயிருந்தது. ஸ்க்ரூ ஏறும் மரை பாதி கரைந்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பு.

அது இரும்பு இல்லை. இந்த வகைக் கூடுகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தவை. துத்தநாகமும் ஆசிட்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் கொப்புளித்துக் கிளம்பும் என்று பள்ளிக்கூடத்தில் சோதனைக்குழாய் வைத்துக் காட்டினார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். முப்பது வருஷம் கழித்து என் பால்கனியில் அதே சோதனையை, திரும்பக் கிடைக்காத ஒரு பொருளை வைத்து நானே செய்து பார்த்துவிட்டேன்.

வேறு கூடு தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தச் சந்துகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். புதிதாக அச்செடுத்த சுவிட்சுகள் எல்லாக் கடையிலும் தொங்கின. எடுத்துப் பார்த்தால் கையில் கனமே இல்லை. உள்ளே தொடுமுனைகள் மெல்லிய தகரம். நெம்பைத் தள்ளினால் 'டக்' என்று உட்காராமல் வழவழவென்று நகர்கிறது. அதைப் போடுவதற்குப் பேசாமல் பழையதை வைத்துக்கொண்டே சாகலாம். கடைசியில் ஒரு கோணிப்பை அடியில், கறுத்துப்போன ஒரு பழைய கூடு கிடைத்தது. கீழ்ப்பாதி முழுசாக இருந்தது. விலை சொல்ல மாட்டேன், வீட்டிலும் சொல்லவில்லை.

உள்வேலையை மட்டும் இந்த முறை நிதானமாகச் செய்தேன். முதலில் எமரித் தாளை எடுத்தேன். நல்லவேளை, தொடுமுனையில் ஒரு இழுப்பு இழுத்ததுமே ஆழமாகக் கீறல் விழுவதைப் பார்த்து நிறுத்திவிட்டேன். பெட்ரோலில் பழைய கிரீஸைக் கழுவி, மை அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். கறுப்பு போய்ப் பித்தளை சிரித்தது. லைட் வயர் மூன்றையும் புதிதாகச் சால்டர் வைத்தேன். பழைய இங்கிலாந்து நிற வழக்கப்படி லைட் சுவிட்சிலிருந்து வருவது நீலம், பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு. ஆசிட் பேஸ்ட் தொடாமல் ரெசின் வைத்தே பற்றவைத்தேன். ஆசிட் விஷயத்தில் அதற்குள் புத்தி வந்திருந்தது.

இந்தத் தொடுமுனைக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். என் வண்டி 6 வோல்ட். 30 வாட் பல்பு 12 வோல்ட் வண்டியில் 2.5 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர். சுவிட்சில் அழுக்கு இருந்தால் அங்கேயே வோல்ட் செத்துப்போகும். மீட்டர் வைத்துப் பார்த்தபோது, வேலைக்கு முன்னால் அந்தச் சுவிட்சுக்குள் மட்டும் அரை வோல்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அரை வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. ஆறில் அரை போனால் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். 6 வோல்ட் புல்லட்டின் ஹெட்லைட்டைத் தீப்பெட்டி வெளிச்சம் என்று கிண்டல் செய்கிறவர்கள், அந்தத் தீப்பெட்டியிலும் கால்வாசிக் குச்சியை யார் எடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை. ரப்பரால் தேய்த்த பிறகு மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டியது. அன்றிரவு தெருக்கோடியில் படுத்திருந்த நாயின் கண் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கடைசித் தப்பைச் செய்தேன். கூடு, அதன் கிளாம்ப், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கழற்றிப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். "உள்ளே வெளியே ஒரு இடம் விடாம அடிங்க" என்று சொன்னதும் நானே. கருகருவென்று கண்ணாடி மாதிரி வந்தது. பூட்டினேன். டிம், பிரைட் அருமையாக வேலை செய்தது. ஹார்ன் மட்டும் ஊமை.

அந்த ஹார்ன் பத்து நாள் முன்னால்தான் எலக்ட்ரீஷியன் பிரித்துச் சரிசெய்து, 650 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்தது. லைட் எரிகிறது, ஹார்ன் அடிக்கவில்லை. என் சுவிட்சில் கோளாறு இருந்தால் லைட்டும்தானே எரியக்கூடாது? ஆகவே ஹார்ன்தான் கெட்டது. ஆகவே அவர்தான் காரணம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரும்வரைகூட எனக்குப் பொறுமையில்லை. முதலில் எழுதியிருக்கிறேனே, அதைக் கேட்டேன். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பதில் பேசவில்லை. எழுந்து வந்து ஹார்னைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தார். தெருவே அதிர்ந்தது. திரும்பப் பூட்டிவிட்டு, ஹேண்டிலை நேராக வைத்துப் பட்டனை அமுக்கினார். சத்தமில்லை. இடப்பக்கம் முழுக்க ஒடித்து அமுக்கினார். லேசாகக் கமறியது. வலப்பக்கம் ஒடித்தார். மறுபடி ஊமை.

"நேரா வெச்சா அடிக்கல, இடது பக்கம் ஒடிச்சா அடிக்குது. இதுல என்னா புரியுது சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹார்னுக்கு பேட்டரியிலிருந்து ஒரு வயர் போகிறது. ஹார்னிலிருந்து பட்டனுக்கு ஒரே ஒரு வயர் வருகிறது. பட்டனிலிருந்து திரும்பிப் போக வயரே கிடையாது. பட்டனை அமுக்கினால் அந்த ஒற்றை வயர் கூட்டைத் தொடும். கூடு ஹேண்டில்பாரைத் தொடும். ஹேண்டில்பார் வழியாகத்தான் எர்த் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த இரும்புக் குழாயே ஒரு வயர். லைட்டுக்கு எர்த் பல்பின் பக்கமே கிடைத்துவிடுவதால் அதற்கு இந்த வழி தேவையில்லை. அதனால்தான் அது எரிந்தது. நான் அந்த வயரின் இரண்டு முனைக்கும் காசு கொடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.

"அப்போ ஒடிச்சா மட்டும் எப்படி அடிக்குது?"

"கிளட்ச் கேபிள் சார். ஒடிச்சா இறுகுது. அது வழியா இன்ஜினுக்கு எர்த் போவுது. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா கேபிள் சூடாகிக் கருகியிருக்கும்."

பேனாக்கத்தியை எடுத்தார். கிளாம்ப்பின் உட்புறம் விரல் நகம் அளவுக்கு, ஹேண்டில்பாரில் அது உட்காரும் இடத்தில் அதே அளவுக்கு, என் கண்ணாடிப் பூச்சைச் சுரண்டினார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. கிளாம்ப் ஸ்க்ரூவிலிருந்து பேட்டரி எர்த் வரைக்கும் தனியாக ஒரு கறுப்பு வயரும் இழுத்துவிட்டார். ஸ்டியரிங் குண்டுகளின் கிரீஸை நம்பி எர்த்தை விடக்கூடாது என்பது அவர் கட்சி. பட்டனை அமுக்கினார். டீக்கடையில் நின்றவர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய இங்கிலாந்து வண்டிக்காரர்களிடம் ஒரு கிண்டல் உண்டு. அந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்துகொடுத்த கம்பெனியின் நிறுவனர் ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்பார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் என்னைப்போல எர்த்தின் மேல் பெயின்ட் அடித்தவர்களோ.

"எவ்வளவு?" என்று கேட்டேன். "வயருக்கு ஐம்பது கொடுங்க." கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது, "சரி, பரவால்ல." என்னவோ அவர் தப்பை நான் பொறுத்துக்கொண்ட மாதிரி. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் தேவையே இல்லாமல் இரண்டு இடத்தில் ஹார்ன் அடித்தேன்.

மறுவாரம் அரைநாள் லீவு போட்டுப் போனேன். கடையில் அவர் மட்டும் இருந்தார். "அண்ணே, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அவர் சால்டரிங் அயர்னிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அன்னிக்கு இருந்தவங்க யாரும் இன்னிக்கு இல்லியே சார்."

டீக்கடைக்காரரிடம் போய், அன்றைக்கு நடந்ததையும் தப்பு யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சர்க்கரை போடவா என்றார். மற்ற மூன்று பேர் யாரென்று எனக்குத் தெரியாது.