அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரும் பதினாறு ரிஜிஸ்டரும்

பிரெஞ்சு மொழியில் எலெக்ட்ரானிக் சில்லுக்கு 'ப்யூஸ்' என்று பெயர். அந்தச் சொல்லின் பழைய பொருள் தெள்ளுப்பூச்சி. கறுப்பாய், சிறிதாய், கால்களோடு இருக்கும் பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான். நானும் பேரனும் "ப்யூஸ் செத்துப் போச்சு" என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட என் மனைவி, மின்துறைக்குப் போன் பண்ண எழுந்துவிட்டாள். அப்படிச் செத்துப்போன ஒரு சில்லைப் பற்றியும், அதன் இடத்தில் நாங்கள் உட்காரவைத்த இன்னொன்றைப் பற்றியும் இந்த வாரம் எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் என்று பயப்பட வேண்டாம். ஆபீஸில் ரிஜிஸ்டர் எழுதியவர்களுக்கு எளிதில் புரியும் விஷயம்தான்.

என் அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. நான் சிறு பையன், அப்பா பக்கமே நின்றுவிட்டேன். அவர் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, இங்கேயே அரசு கிளார்க் ஆனேன். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் எல்லாம் என் மேசைக்கே வந்து சேரும்.

அண்ணன் தம் மகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பெயர் ஓரிக் அட்மோஸ், 1984-இல் வந்தது. கறுப்பும் சிவப்புமாக, கைக்கு அடக்கமான பெட்டி. இங்கிலாந்துத் தயாரிப்புதான், ஆனாலும் பிரான்ஸில் நன்றாக விற்றது. நினைவகம் 48 கிலோபைட். டி.வி.யில் மாட்ட வேண்டும். எழுதிய புரோகிராமை டேப் ரெக்கார்டர் கேசட்டில் சேமிக்க வேண்டும். அதன் பேசிக் மொழியில் ஆயத்தச் சத்தங்களுக்கென்றே நான்கு கட்டளைகள் உண்டு: பிங், ஸாப், ஷூட், எக்ஸ்ப்ளோட். பிங் என்று தட்டினால் மணி அடிக்கும். எக்ஸ்ப்ளோட் என்றால் வெடிச் சத்தம்.

அண்ணன் இதில் ஒரு வாய்ப்பாடு புரோகிராம் எழுதியிருந்தார். சரியான விடைக்கு மணி, தவறான விடைக்கு வெடி. பத்தும் சரியாக வந்தால், திரையில் ஆங்கில எழுத்துகளில் 'சபாஷ்' என்று வரும். மகளோ வெடியைக் கேட்பதற்காகவே தவறாகச் சொல்ல ஆரம்பித்தாளாம். அண்ணன் விடவில்லை. மூன்று தவறுக்குப் பிறகு வெடி கிடையாது, வெறும் மௌனம்தான் என்று புரோகிராமை மாற்றினார். இதெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில், அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் இருக்கிறது.

அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் அண்ணியும் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டைக் காலி செய்த மகள், அந்தக் கம்ப்யூட்டரையும் கேசட்டையும் நோட்டையும் சூட்கேஸில் வைத்து எடுத்து வந்தாள். "சித்தப்பா, அப்பா எழுதின கணக்கை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்றாள். அவளுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் பேரன், 9 வோல்ட் அடாப்டரும் திரைக்கு ஒரு மாற்றுப் பெட்டியும் தேடிப் பிடித்தான். திரையில் 'ரெடி' என்று வந்தது. அதோடு சரி. எந்தக் கீயைத் தட்டினாலும் அசைவில்லை, சத்தமும் இல்லை. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஒரே ஒரு சில்லு மட்டும் விரல் வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அதுதான் ஒலிச் சில்லு, ஏ.ஒய்-3-8912.

ஒலிச் சில்லு போனால் கீபோர்டு ஏன் சாக வேண்டும்? அந்தக் காலத்துச் சிக்கனம் அப்படி. இந்தச் சில்லில் ஒலி வேலை போக, வெளியே இணைக்க எட்டுக் கம்பிகள் மிச்சம் இருந்தன. கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் அவற்றைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, ஒலி போனால் கீ இல்லை. கீ இல்லையென்றால், கேசட்டை ஏற்றும் கட்டளையைக்கூடத் தட்ட முடியாது. அண்ணனின் கணக்கு, கையில் இருக்கும் கேசட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

இந்தச் சில்லை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியவை விற்பனைக்கு உண்டு. மேற்புறத்தைத் தேய்த்து, வேறு பெயர் அச்சிட்டு விற்கும் போலிகளும் அவற்றில் உண்டு. "வேண்டாம் தாத்தா, ஒரு மைக்ரோகன்ட்ரோலரையே அந்த வேலையைச் செய்ய வைப்போம்" என்றான் பேரன். மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். நாம் எழுதிக் கொடுக்கும் புரோகிராமை அது செய்துகொண்டே இருக்கும். நாங்கள் எடுத்தது ஏ.டி.மெகா 328, சில நூறு ரூபாய்தான். இப்போதைய சில சில்லுகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இதுவோ பழைய கம்ப்யூட்டரைப் போலவே 5 வோல்ட்டில் ஓடும். இரண்டுக்கும் 28 கால்கள். ஆனால் புதியது பழையதில் பாதி அகலம், கால்களின் வரிசையும் வேறு. அதனால் நடுவே ஒரு சிறு போர்டு தேவைப்பட்டது.

என் பங்கு இதற்குப் பிறகு வருகிறது. இந்த ஒலிச் சில்லு, 1978-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கொண்டுவந்த வகையைச் சேர்ந்தது. அதன் விவரக் குறிப்பைப் பேரன் அச்செடுத்துக் கொடுத்தான். படிக்கப் படிக்க, ஏதோ பழைய ஆபீஸுக்குள் நுழைந்தது போல இருந்தது. உள்ளே 16 ரிஜிஸ்டர்கள். முதல் ஆறும் மூன்று குரல்களின் சுருதிக்கு. ஏழாவது இரைச்சலுக்கு. எட்டாவது, எது பேசலாம், எது பேசக்கூடாது என்பதற்கு. அடுத்த மூன்று, சத்தத்தின் அளவுக்கு. அதன்பின் மூன்று, சத்தம் எப்படி ஏறி எப்படித் தேய வேண்டும் என்பதற்கு. பதினைந்தாவதுதான் அந்த எட்டுக் கம்பிகள். கடைசியானது இந்த ரகத்தில் வெளியே வருவதில்லை.

எட்டாவது ரிஜிஸ்டரில் ஒரு வேடிக்கை. 0 என்றால் பேசலாம், 1 என்றால் வாயை மூடு. லீவு எடுத்தவருக்கு மட்டும் குறி போடும் வருகைப் பதிவேடு போல. சுருதிக் கணக்கும் எளிது. ஓரிக்கில் இந்தச் சில்லின் துடிப்பு விநாடிக்கு 10 லட்சம். அதை 16-ஆல் வகுத்தால் 62,500. அதை ரிஜிஸ்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் சுருதி வந்துவிடும். 142 என்று எழுதினால் ஏறத்தாழ 440 ஹெர்ட்ஸ். நான் ஒவ்வொரு ரிஜிஸ்டருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த எண் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பேரன் அதைப் பார்த்துப் புரோகிராம் எழுதினான்.

ஒரு இடத்தில் வேலை நின்றது. ஒலியைக் கணக்கிட, புதுச் சில்லு விநாடிக்கு 31,250 முறை கணக்குப் போட வேண்டும். அதற்கு நடுவில் கம்ப்யூட்டர் வந்து "இந்த எண்ணைக் குறித்துக்கொள்" என்று நீட்டும். நீட்டிய கையைச் சில மைக்ரோ விநாடிகளில் எடுத்துவிடும். கணக்கில் மூழ்கியிருந்தால் அந்த எண் போயிற்று. சில கீகள் வேலை செய்தன, சில செய்யவில்லை. கவுன்டரில் இருந்த எவரும் இதற்கு வழி சொல்லிவிடுவார்கள். ஆள் வந்தால் கையிலிருக்கும் ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, முதலில் வந்தவரின் பதிவைப் போட வேண்டும், ஃபைல் பிறகு. பேரன் அந்த முறைப்படி புரோகிராமை மாற்றினான். மறுநாள் எந்தக் கீயைத் தட்டினாலும் 'டிக்' என்றது. ஓரிக்கில் ஒவ்வொரு கீயும் அப்படித்தான் ஒலிக்கும். அந்த 'டிக்'கும் இந்தச் சில்லின் வேலைதான்.

அண்ணன் ஜாக்கிரதைக்காரர். கேசட்டில் வேகமாகவும் எழுதலாம், மெதுவாகவும் எழுதலாம். அவர் விநாடிக்கு 300 பிட் என்ற மெதுவான முறையில் சேமித்திருந்தார். அதனால்தானோ என்னவோ, நாற்பது வருடம் கழித்தும் மூன்றாம் முயற்சியில் ஏறிவிட்டது. பிரான்ஸுக்கு வீடியோ கால் போட்டோம். திரையில் வந்த கேள்வி: ஏழு எட்டு எவ்வளவு?

"அம்பத்தி நாலு!" என்று அங்கிருந்து கத்தினாள் மகள்.

வெடித்தது. அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் முகத்தைப் போனுக்கு வெளியே வைத்துக்கொண்டாள். அன்று பத்தும் சரியாகச் சொல்லி 'சபாஷ்' வாங்கிய பிறகுதான் போனை வைத்தாள்.

ஒரு நண்பர் கேட்டார்: "உள்ளே இருப்பது வேறு சில்லு. அப்படியானால் அது உங்கள் அண்ணன் கேட்ட சத்தம்தானா?" நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தது இதுதான். ஒருவர் ஓய்வு பெறுவார், இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். முகம் வேறு, கையெழுத்து வேறு. ஆனால் ரிஜிஸ்டர் அதே ரிஜிஸ்டர். கவுன்டரில் நிற்பவருக்கு வேண்டிய சான்றிதழ் கிடைத்துவிடும். மகள் கேட்டதும் அவ்வளவுதான், அது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

டிசம்பரில் அவள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போகிறாள். மூடிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். எந்தக் கால் எதற்கு, எந்த ரிஜிஸ்டர் என்ன செய்யும் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி, தேதி போட்டிருக்கிறேன். பழைய சில்லையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு உடன் வைத்தாயிற்று. பேரன் வாங்கிய புதுச் சில்லும் ஒரு நாள் ஓய்வு பெறும். அன்று மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், தேடி அலைய வேண்டியிருக்காது.