கெடாரிலிருந்து ஒரு கட்டுக் குச்சி

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, "கெடாருக்கு இரண்டு டிக்கெட்" என்றேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன் என் மடியில் இருந்த பையை ஒரு முறை பார்த்தார். பழைய துணிகள், நூல்கண்டு, ஒரு பேனாக் கத்தி. எந்த நோயாளிக்குக் கட்டுப் போடப் போகிறேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை!

விஷயம் இதுதான். கெடாரில் என் மாமியார் தனியாக இருந்த வீடு கைமாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். எங்களோடு தாம்பரத்துக்கு வந்துவிடுவதாக அத்தை ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கொல்லையில் இருக்கும் செடிகளும் கூடவே வர வேண்டும்.

"செடியை வேரோடு பெயர்த்தால் பட்டுப் போகும். குச்சி வெட்டிக்கிட்டுப் போகலாம்" என்று போனில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதுமே எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் குச்சி நடுவதில் என் சரித்திரம் அவ்வளவு சிலாக்கியமானதல்ல. அதற்கு முன் இரண்டு தடவை அத்தை கொடுத்தனுப்பிய கனகாம்பரக் குச்சிகளை நட்டேன். இரண்டு தடவையும் ஜோராகத் துளிர்த்தன. இரண்டு தடவையும் மூன்றாவது வாரத்தில் கருகின. "உங்களுக்குக் கைராசி இல்லை" என்று என் மனைவி தீர்ப்பு வழங்கிவிட்டாள்.

காணையைத் தாண்டியதும் சாலையோரமெல்லாம் கரும்பு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இருக்கிற வட்டாரமல்லவா? ஒரு வயலில் பெண்கள் கரணை நட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்பை இரண்டு பரு உள்ள துண்டுகளாக வெட்டி மண்ணில் பதிப்பதற்குத்தான் கரணை நடுதல் என்று பெயர். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புது ரகம் உண்டாகிறது என்றால், முதலில் அது விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு நாற்றுத்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டி நட்டு, நட்டதை மறுபடி வெட்டி, ஊர் ஊராகப் பரப்புகிறார்கள். தமிழ்நாடெங்கும் பயிராகும் கோ 86032 கரும்பு அத்தனையும் அந்த ஒரு நாற்றின் அங்கங்களே! இவ்வளவு பெரிய காரியம் வயலில் சர்வசாதாரணமாக நடக்கிறது. என் பூந்தொட்டியில் மட்டும் ஏன் நடக்கவில்லை?

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று காப்பி கொடுத்துவிட்டு நேரே கொல்லைக்கு அழைத்துப் போனார். அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, குண்டு மல்லி, கிணற்றடியில் முருங்கை, சுவரோரம் டில்லி கனகாம்பரம்.

சாதாரணக் கனகாம்பரத்துக்கு விதை உண்டு. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடிக்கும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் டில்லி கனகாம்பரம் விதையே கட்டாது. இரண்டு பங்காக இருக்க வேண்டிய மரபணுத் தொகுதி அதற்கு மூன்று பங்காக அமைந்துவிட்டதால் வந்த மலடு அது. குச்சி ஒன்றே அதற்கு வம்சம். முருங்கைக்கு விதை உண்டென்றாலும், தாயின் ருசி பிள்ளைக்கு அப்படியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "இந்த மரத்துக் காய்தான் வேணும்னா இந்த மரத்துப் போத்துதான் நடணும்" என்றார் அத்தை.

மறுநாள் விடியற்காலையில் வேலை ஆரம்பமாயிற்று. வெயில் ஏறுவதற்கு முன் தண்டில் நீர் நிறைந்திருக்கும். வெட்ட அதுவே சமயம். செம்பருத்தியில் பென்சில் கனமுள்ள கிளை. ஒரு குச்சிக்கு நான்கு கணு. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டச் சொன்னார்.

"சாய்வு எதற்கு, அத்தை?"

"எது தலை, எது கால் என்று தெரியத்தான். தலைகீழா நட்டுட்டு அப்புறம் செடி மேல குத்தம் சொல்லக்கூடாது பாருங்க!"

அத்தை சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. வேர் விடத் தூண்டும் ஆக்சின் என்ற சத்து தண்டில் மேலிருந்து கீழே இறங்கி அடிவெட்டில் சேர்கிறது. அங்கேதான் வேர் பிறக்கும். அந்த வகையைச் சேர்ந்த இன்டோல் பியூட்டிரிக் அமிலம் குச்சிகளை வேர் விடச் செய்யும் என்று 1935-ல் அமெரிக்காவில் சிம்மர்மனும் வில்காக்சனும் கண்டார்கள். இன்று நர்சரிகளில் 'வேர்ப் பவுடர்' என்று விற்பது பெரும்பாலும் அதுதான். காகிதப்பூ, ரோஜா போன்ற கட்டைச் செடிகளுக்கு அது நல்ல உதவி.

கனகாம்பரத்துக்குக் கொழுந்து நுனியையே நாலு விரல் நீளம் கிள்ளி, பூக்கதிரை நீக்கிவிட வேண்டும். எந்தக் குச்சியானாலும் மேலே இரண்டு இலை போதும். அவை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். நந்தியாவட்டையில் பால் வடியும். அது நின்று வெட்டுவாய் உலர்ந்த பிறகே நட வேண்டும். முருங்கைப் போத்து மணிக்கட்டுக் கனம், மூன்று அடி நீளம். அதை இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, தலைவெட்டில் சாணி அப்பி, ஓர் அடி ஆழத்தில் நடலாம். போத்தைத் தவிர மற்றதெல்லாவற்றையும் ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் வாழைமட்டை வைத்துக் கட்டினோம்.

கட்டி முடித்ததும் என் பழைய தோல்விகளை அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். "துளிர் விட்டதும் என்ன செய்தீங்க?" என்று கேட்டார்.

"பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, எருப் போட்டு வெயிலில் வைத்தேன்."

அத்தை சிரித்துவிட்டார். "துளிர் பொய் சொல்லும், மாப்பிள்ளை."

என்ன அருமையான வார்த்தை! குளிர் நாட்டில் குச்சி மெதுவாக விழிக்கும். நம் ஊர்ச் சூட்டிலோ, தண்டில் மிச்சமிருக்கும் உணவைக் கொண்டே மொட்டு அவிழ்ந்து இலை வந்துவிடுகிறது. அடியில் வேர் இருக்காது. அந்த இலை வெயிலில் நீரை இழக்கும். ஈடு செய்ய வழியில்லாமல் குச்சி காயும். ஆகவே துளிர்த்த பிறகுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். எரு கலக்காத ஆற்றுமணலும் செம்மண்ணும் சமபாகம். தண்ணீர் தேங்காத தொட்டி. வெளிச்சம் உள்ள நிழல். மண்ணில் ஈரம், ஆனால் சேறு கூடாது. கனகாம்பரத்துக்கு மேலே, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்து, தினம் சற்று நேரம் திறந்துவிட்டால் காற்று ஈரமாக இருக்கும். முதல் துளிருக்குப் பின் இரண்டாவது துளிர் வந்து, தொட்டியின் துவாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால்தான் கொண்டாடலாம்.

"எல்லாவற்றையும்விட முக்கியம், வேர் வந்திருக்கான்னு பிடுங்கிப் பார்க்கக்கூடாது. புது வேர் நூல் மாதிரி, அசைச்சாலே அறுந்துடும்" என்றார் அத்தை.

ஞாயிறு மாலை சாவி கைமாறியது. அத்தை கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாழைமட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். திண்டிவனத்தை ரயில் தாண்டும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது ஆவணி மாதம். கார்த்திகை பிறந்தபோது கணக்கெடுத்தேன். பன்னிரண்டு கனகாம்பரத்தில் ஏழு பிழைத்தன. செம்பருத்தி ஆறும் பழுதில்லை. மல்லி மூன்று. நந்தியாவட்டை மட்டும் அழுகிவிட்டது. அடைமழையில் தொட்டியை உள்ளே எடுத்து வைக்க மறந்தது என் பிழை. கொல்லை மூலையில் முருங்கை இடுப்பளவு தழைத்திருந்தது. கைராசி பற்றிய பேச்சு வீட்டில் அத்துடன் நின்றது.

ஆனால் அத்தை? என் மனைவி தினமும் காலையில் காப்பியோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோய் வைப்பாள்: "என்னம்மா, இந்த ஊர் பழகிடுச்சா?" அத்தை "உம்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் தனியே விவாதிப்போம்.

ஒருநாள் அந்தக் கேள்வி வந்தபோது அத்தை கனகாம்பரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்:

"ஏண்டி, குச்சியை நட்டுட்டுத் தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா, அது எப்போதான் வேர் விடும்?"

அன்றிலிருந்து நாங்கள் கேட்பதில்லை. தை மாதத்தில் டில்லி கனகாம்பரம் முதல் கதிர் விட்டது. அத்தை பூவைப் பறித்துத் தொடுத்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு முழம் கொடுத்துவிட்டு வந்தார். "எந்த ஊர்ப் பூ இது?" என்று அந்த அம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"நம்ம வீட்டுப் பூதான்" என்றார் அத்தை.